கிடங்கில் ஒரு நூதனசாலை

எங்கள் மகள் ரத்னாவை அதுவரை மூன்று வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேருமே, "ஊருக்குப் போய் கடிதம் போடுறோம்" என்றார்கள். வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில்தான் இருந்தது.

நுவரெலியா கடைத்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை. கூடவே ராகலைக்கு ஒரு பஸ்ஸும் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஐம்பத்தெட்டில் அரசாங்கம் பஸ்களை எல்லாம் எடுத்துக்கொண்டபோது எங்களுடையதும் போய்விட்டது. மற்ற முதலாளிகள் நாலு நாள் புலம்பிவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கிடங்கிலிருந்த துணி மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, கதவுக்கு மேலே 'பஸ் நூதனசாலை' என்று பலகை மாட்டினார். உள்ளே அருங்காட்சியகம் மாதிரி பழைய டிக்கெட்டுகள், ஊர்ப்பெயர்ப் பலகைகள், ரப்பர் ஹாரன்கள். கொழும்பில் டிராம் நின்றபோது எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு டிராம் பெஞ்சையும் வாங்கிவந்தார். அது மலையேறி வந்து சேர்ந்த அன்று நான் அவரோடு பேசவேயில்லை.

பெண் பார்க்க வருகிறவர்களை, வடை ஆறுவதற்குள் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வந்தவர்கள் தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். இவர் பாட்டுக்கு உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருப்பார். அப்புறம் சம்பந்தம் பேச நேரம் ஏது?

நாலாவதாக ராகலையிலிருந்து மரக்கறிக்கடை நாகரத்தினம் வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்த இடமாவது கைகூடவேண்டும் என்று எனக்குத் தவிப்பு. காலையிலேயே கிடங்கைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"இன்னிக்கு ஒரு நாளாவது ஊர்ல உள்ளவங்க மாதிரி கூடத்துல உக்காருங்க," என்றேன். அவரும் தலையை ஆட்டினார்.

நாகரத்தினமும் அவர் மனைவி லெட்சுமியும் மகன் ராமநாதனும் மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். ரத்னா தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கிடங்கை விட்டால் என் வீட்டுக்காரருக்குப் பேச ஒன்றுமே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழையைப் பற்றி ஒரு வார்த்தை, உருளைக்கிழங்கு விலையைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பிறகு எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லெட்சுமியின் முகம் சுண்டிப்போனது. நாங்கள் மதிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள்.

நாகரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நாங்க கெளம்புறோங்க. ஊருக்குப் போய் கடிதம் போடுறோம்."

அடுப்படிக்குள் போனேன். அங்கே நின்ற ரத்னா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவியக் குடுங்கம்மா."

"எதுக்குடி? மிச்சம் இருக்கிற மானமும் போறதுக்கா?"

"டிக்கெட்ட எல்லாம் வருசவாரியா அடுக்கினது அப்பா இல்லம்மா, நான்தான். அந்த மூணு பேரும் வாசலத் தாண்டலன்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. இவரு உள்ள வர்றாரான்னு பாக்கணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருக்க, இவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். ஆனால் கடிதம் போடுகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது? முடிச்சை அவிழ்த்தேன்.

ரத்னா நேரே கூடத்துக்குப் போனாள். "எங்க நூதனசாலையப் பாத்துட்டுப் போங்க," என்றாள். பெண்ணே வாய் திறந்து பேசியதில் லெட்சுமி திகைத்துப்போனாள். மரியாதைக்காக மூன்று பேரும் வந்தார்கள்.

ராமநாதன் வாசலில் நிற்கவில்லை. நேரே போய் டிராம் பெஞ்சில் உட்கார்ந்து, அதன் சாய்மானத்தை ஆட்டிப் பார்த்தான்.

"இது ஏங்க இப்படி ஆடுது?"

"டிராம் திரும்பாதுங்க. கடைசிக்குப் போனதும் சாய்மானத்தத்தான் மறுபக்கம் தள்ளிப் போட்டு உக்காருவாங்க," என்று ரத்னா தள்ளிக் காட்டினாள். அவன் எழுந்து இந்தப் பக்கம் தள்ளினான், அந்தப் பக்கம் தள்ளினான், மறுபடியும் தள்ளினான்.

லெட்சுமி 'நுவரெலியா – ராகலை' என்ற பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"கல்யாணமாகி ராகலைக்கு இந்த பஸ்லதாங்க போனேன். வளைவுக்கு வளைவு தல சுத்தி, இவரு பட்டு வேட்டியிலயே வாந்தியெடுத்துட்டேன்."

"ரெண்டு தடவ," என்றார் நாகரத்தினம்.

"அப்ப ஓட்டினது அழகன்ங்கிற எங்க டிரைவராத்தான் இருக்கும்," என்றார் என் வீட்டுக்காரர். "வளைவுல பிரேக்க மிதிக்கிறத அவமானமா நெனப்பான்."

"அவனேதான் அண்ணே," என்று நாகரத்தினம் அவர் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரையும் பிடிக்க முடியவில்லை. ஆளுக்கொரு ஹாரனை எடுத்து அமுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேசரியைக் கிடங்குக்கே கொண்டுபோனேன். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. "ராகலை, ராகலை" என்று தெருவில் கண்டக்டர் கூப்பிடுவது கேட்டது. அதுதான் கடைசி பஸ். ஹாரன் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை, வாசலில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. சொல்ல வாயெடுத்தேன். பெஞ்சின் ஒரு நுனியில் ராமநாதன் உட்கார்ந்திருந்தான். மறு நுனியில் டிக்கெட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். பஸ் போகிற வரைக்கும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

இருட்டின பிறகுதான் லெட்சுமிக்கு ஊர் நினைவு வந்தது. "பஸ்ஸு போயிருக்குமே," என்றாள்.

"இங்கயே தங்கிட்டுக் காலையில போங்க," என்றேன்.

"பேசி முடிக்காத பொண்ணு வீட்டுல எப்படிங்க தங்குறது?" என்றார் நாகரத்தினம். அதுவும் நியாயம்தான். லெட்சுமி மகனைப் பார்த்தாள். அவன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கிற வழியாக இல்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பேசி முடிச்சிருவோம். தாம்பூலத் தட்ட எடுத்துட்டு வாங்க, சம்பந்தி."

நான் அடுப்படிக்கு ஓடினேன். வெற்றிலையைத் துடைத்துத் தட்டில் அடுக்கினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.