மஞ்சள் சதுரம்

அந்த வீட்டுக் கதவின் உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக அதை யாரும் தொடவில்லை. படுக்கப் போகும்போது பூட்டை மட்டும் பூட்டுவார்கள். வெளியே இருந்து சாவி போட்டுத் திறக்க வருகிறவன் தாழ்ப்பாளில் முட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அந்த வீட்டில் அத்தை போட்ட உத்தரவை அசைத்துப் பார்க்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

வீட்டில் மூன்று பெண்கள். அத்தை, அத்தையின் மருமகள், மருமகளின் தங்கை. அத்தை மருமகளைப் பெரியவளே என்பாள், தங்கையைச் சின்னவளே என்பாள். தெருவிலும் அதுவே பேராகிவிட்டது. பெரியவள் கூடத்தில் மெஷினைப் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பாள். சின்னவள் பின்னறையில் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

வரவேண்டியவன் அத்தையின் பிள்ளை, பெரியவளின் புருஷன். ஒரு சண்டைக்குப் பிறகு பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனவன்தான். போலீஸ் தேடியது, சொந்தபந்தம் தேடியது. ஆள் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு அத்தை உறவுக்காரர் வீட்டில் இருந்தாள், சின்னவள் வேறு ஊரில் இருந்தாள். அதனால் நடந்தது இன்னது என்று சொல்லப் பெரியவளை விட்டால் ஆளில்லை.

அத்தை கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். படியில் யார் செருப்புச் சத்தம் ஏறி வந்தாலும் முதுகு நிமிரும். சத்தம் மேல்மாடிக்குப் போய்விட்டால் மறுபடி சாய்ந்துகொள்வாள்.

"சாவியை எடுத்துட்டுத்தானே போயிருக்கான்? வராதவன் எதுக்குச் சாவியை எடுத்துட்டுப் போறான்?" என்று கேட்பாள். பெரியவள் மெஷினை மிதிப்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில் ஒருநாள் அத்தை மேஜை இழுப்பறையைக் குடைந்தபோது, நகத்தளவு மெமரி கார்டு ஒன்று கையில் சிக்கியது.

அதில் இருந்தது என்ன என்பது மூவருக்குமே தெரியும். அன்றைக்குப் பெரியவள் கோபத்தில், புருஷன் வாசல் தாண்டுவதைப் போனில் படம் பிடித்திருந்தாள். நாளைக்கு நாலு பேர் கேட்டால் காட்டலாம் என்ற வீம்பு. பிடித்து முடித்ததும் போனைச் சுவரில் விட்டெறிந்தாள். போன் செத்தது, கார்டும் அரைகுறையாகக் கெட்டது. எந்தப் பிளேயரில் போட்டாலும் இந்த வீடியோவைத் திறக்க முடியாது என்று கைவிரித்துவிடும்.

"சின்னவளே, உலகத்துல இருக்கிற ஓட்டைப் போனுக்கெல்லாம் ஏதோ பண்றியே. என் போன்ல இதை ஓட வையேன்" என்றாள் அத்தை.

"விடுங்கத்த" என்றாள் பெரியவள், தலையைத் தூக்காமல். "அதுல என்ன இருக்கு? பையத் தூக்கினாரு, போனாரு. திரும்பிக்கூடப் பாக்கல."

"என் பிள்ள திரும்பிப் பாக்காம போறவன் இல்ல."

"பாக்கல."

"பாத்திருப்பான்."

இரண்டு வருஷமாக இதே வாக்குவாதம், ஒரு வார்த்தை கூடாது குறையாது. சின்னவள் கார்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

அவளுடைய பிழைப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். வீடியோ ஓட்டுகிற பிளேயர் ஒன்று இருக்கிறது. காசு கிடையாது, மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக் கம்பைல் செய்து, அதாவது தங்கள் போனில் ஓடுகிற வடிவத்துக்கு மாற்றி, வைத்துக்கொள்ளலாம். முகம் தெரியாத சிலர் எங்கெங்கோ இருந்து அதைக் கட்டிக் காக்கிறார்கள். அதில் பழைய போன்களுக்கான பங்கு சின்னவளுடையது. கம்பெனிகள் கைகழுவிவிட்ட போன்களுக்கு அவள் ஒருத்திதான் கதி. சம்பள வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதற்கே போகும். யாராவது நன்றி என்று எழுதினால் அன்றைக்கு அவள் காலே தரையில் பாவாது. பெரும்பாலும் திட்டித்தான் எழுதுவார்கள்.

கம்பைல் செய்வது ஏதோ பட்டனைத் தட்டுகிற காரியம் என்று நினைப்பவர்கள் அவள் அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். எந்தப் போன், எந்தப் பிராசஸர் என்று முதலில் சொல்லவேண்டும். பிளேயருக்கு எடுபிடி வேலை செய்கிற சின்னச்சின்ன நிரல்களை முதலில் கட்டவேண்டும், பிறகு எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும். எங்கேயோ ஒன்று பொருந்தாவிட்டால் திரை முழுக்கச் சிவப்பாகக் கொட்டும். லேப்டாப் சூடேறி உறுமும். "அடுப்பு பத்திக்கிச்சா?" என்று கூடத்திலிருந்து அத்தை கேட்பாள்.

கெட்டுப்போன வீடியோவை ஓட்ட ஒரு வழி உண்டு. வீடியோவின் ஒவ்வொரு படமும் சின்னச்சின்னச் சதுரங்களால் ஆனது. ஒரு சதுரம் காணாமல் போனால், முந்தைய படத்திலிருந்தும் பக்கத்துச் சதுரங்களிலிருந்தும் கடன் வாங்கி, இப்படித்தான் இருந்திருக்கும் என்று, பிளேயருக்குள் படத்தைப் பிரித்துக் காட்டுகிற டிகோடர் ஊகித்து நிரப்பிவிடும். வழக்கமாக இந்த ஊகத்துக்கு அளவு வைத்திருப்பார்கள். சின்னவள் அந்த அளவை எடுத்துவிட்டு, எவ்வளவு ஓட்டை இருந்தாலும் விடாமல் நிரப்பு என்று சொல்லிக் கம்பைல் செய்தாள். அத்தையின் போனில் ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினாள். நல்ல மத்தியானம். கூடத்தில் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

சத்தம் வரவில்லை, படம் வந்தது. நீலச் சட்டை முதுகு. தோளில் கறுப்புப் பை. சிமெண்ட் படி, வெள்ளைச் சுவர். அத்தான் ஒரு படி இறங்கினார், இன்னொரு படி இறங்கினார். அதோடு வீடியோ சிதைந்தது. சதுரங்கள் கொதிப்பதுபோல் கலங்கின. பிறகு மெல்லமெல்ல அடங்கின.

அத்தான் திரும்பி நின்றார்.

முகம் சரியாக இல்லை, சதுரம் சதுரமாக இருந்தது. ஆனாலும் அவர்தான். வலது கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் சதுரம்.

சின்னவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அத்தையைக் கூப்பிட வாயெடுத்தாள். அப்புறம்தான் உறைத்தது. இது ஊகம். டிகோடருக்குச் சொந்தச் சரக்கு கிடையாது, ஏற்கெனவே வந்ததிலிருந்துதான் கடன் வாங்கமுடியும். முகத்தின் நிறத்தைக் கழுத்திலிருந்து எடுத்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். மஞ்சளை எங்கிருந்து எடுத்தது?

சந்தேகம் தீர ஒரு குட்டி நிரல் எழுதி, முன்னால் வந்த படங்கள் முழுக்க மஞ்சளைத் தேடினாள். ஒரு புள்ளிகூட இல்லை. முன்பு ஓடிய வேறு வீடியோவின் மிச்சம் நினைவகத்தில் ஒட்டியிருக்குமோ என்று அதைத் துடைத்தாள். எல்லாவற்றையும் அழித்து, அடியிலிருந்து மறுபடி கம்பைல் செய்தாள். மறுபடி அதே இடத்தில் அதே மஞ்சள். வீடியோவின் நேரம் முடிந்து, திரையடியில் ஓடுகிற கோடு கடைசிக்கு வந்துவிட்டது, ஆனால் படம் நிற்கவில்லை. நீட்டிய கை லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. வெகுநேரமாக நீட்டிக்கொண்டிருந்தால் கை கடுக்குமே, அப்படி.

சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? வேறொரு போனிலும் பார்த்துவிடுவோம் என்று தன்னுடைய இன்னொரு போனை எடுத்தாள். அதில் கார்டு போடும் தட்டைத் திறக்க ஊசி வேண்டும். ஊசிக்கு அக்காவின் பட்டன் டப்பாவை விட்டால் வேறு இடம் ஏது?

டப்பா கூடத்து அலமாரியில் இருந்தது. பெரியவள் அடுப்படியில் இருந்தாள், அத்தை நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். சின்னவள் பட்டன்களைக் கிளறினாள். அடியில் ஏதோ விரலில் தட்டியது. எடுத்தாள்.

வீட்டுச் சாவி. அதன் வளையத்தில் மஞ்சள் ரெக்சின் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன தேடுற?"

பெரியவள் பின்னால் நின்றிருந்தாள்.

"ஊசி."

"ஊசி மேல் தட்டுல இருக்கு." பெரியவள் சாவியைத் தங்கையின் விரல்களிலிருந்து வாங்கி, பட்டன்களுக்கு அடியில் புதைத்து, டப்பாவை மூடினாள். அத்தை பக்கம் ஒரு பார்வை போனது. "அந்த வீடியோ ஓடுதா?" என்று கிசுகிசுத்தாள்.

"அக்கா, அத்தான் திரும்பினாரா?"

"ஓடுதான்னு கேட்டேன்."

அக்காவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. இப்படி ஒரு முகத்தை அவளிடம் சின்னவள் பார்த்ததே இல்லை.

"ஓடல" என்றாள் சின்னவள்.

பின்னறைக்கு வந்து உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. சாவி வீட்டிலேயே கிடக்க, ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அத்தை நிமிர்வதை இரண்டு வருஷமாக எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா? சரி, இப்போது சொன்னால் என்ன ஆகும்? சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவன் வரமாட்டான் என்று அத்தைக்குத் தெரிந்துவிடும். அந்த நாற்காலியும் அந்த நம்பிக்கையும் போனால் அந்த மனுஷிக்கு வேறு என்ன இருக்கிறது? அக்காவும் அத்தையும் அதற்கப்புறம் ஒரே வீட்டில் எப்படி இருப்பார்கள்?

ஊகத்தை முழுசாக அணைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அது பொய்யும் அல்ல. கார்டில் இருப்பது தெரியும், இல்லாத இடம் வெறும் சாம்பல் நிறமாக இருக்கும். அவ்வளவுதான். மறுபடி கம்பைல் செய்து முதலில் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு படி இறங்கியதும் சாம்பல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் அதில் ஒரு கறைகூட இல்லை.

அதையே அத்தையின் போனில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

"கொஞ்ச தூரம்தான் வருது அத்த. அதுக்கப்புறம் கெட்டுப்போச்சு."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை இரண்டு கையாலும் பிடித்தாள். மெஷின் நின்றது. பெரியவள் துணியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

நீலச் சட்டை. பை. ஒரு படி. இன்னொரு படி. அத்தையின் வாய் பிள்ளையின் பேரை முணுமுணுத்தது. பிறகு திரை முழுக்கச் சாம்பல் பரவியது. பெரியவள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டது சின்னவளுக்குக் கேட்டது.

"அவ்வளவுதான்" என்று சின்னவள் போனை வாங்கக் கைநீட்டினாள்.

"இரு."

சாம்பலின் நடுவில், நெஞ்சு உயரத்தில், ஒரு மஞ்சள் சதுரம் நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லை, கை இல்லை. மஞ்சள் மட்டும். லேசாக நடுங்கியது.

ஊகிக்கிற நிரலே அந்தப் பிளேயருக்குள் இல்லை. அதைச் சின்னவள் தன் கையாலேயே எடுத்திருந்தாள்.

அத்தை போனை மூக்கருகே கொண்டுபோனாள். "இது நான் வெட்டின துண்டு" என்றாள். "என் பழைய பையில இருந்து வெட்டினேன். ஓரமெல்லாம் பல்லுப்பல்லா இருக்கு பாரு. அன்னிக்குக் கத்திரி மொக்கை. சாவியத் தொலைச்சுத் தொலைச்சு வர்றானேன்னு நான்தான் கட்டிவிட்டேன்."



"சாவியக் குடுக்கிறான்" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "திரும்பி நின்னுதான் குடுக்கிறான். இன்னும் கைய நீட்டிட்டே நிக்கிறான். பெரியவளே, நீ ஏன் வாங்கல?"

பெரியவள் கையிலிருந்த துணி நழுவியது. அலமாரிக்குப் போனாள். டப்பாவைத் திறக்கப் பொறுமையில்லாமல் அப்படியே கவிழ்த்தாள். பட்டன்கள் தரையெங்கும் உருண்டன. சாவியை எடுத்துக்கொண்டு வாசல் கதவை விரியத் திறந்தாள். வெளியே யாரும் இல்லை. சிமெண்ட் படி, வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். இரண்டாவது படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படியில வச்சிட்டுப் போனீங்க, அப்புறமா எடுத்துக்கிட்டேன்" என்றாள் அந்த வெற்றிடத்தைப் பார்த்து. "கையில வாங்கல. மூஞ்சியில அடிச்சாப்பல கதவச் சாத்திட்டேன். இதோ, வாங்கிட்டேங்க. வாங்கிட்டேன். கைய எறக்குங்க."

சின்னவள் திரும்பிப் போனைப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. சாம்பல் மட்டும் ஒரு கணம் இருந்தது. பிறகு வீடியோ முடிந்து, பிளேயர் தன்பாட்டுக்கு முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.

அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று சின்னவள் நினைத்தாள். அத்தை மருமகளின் கையிலிருந்து சாவியை எடுத்து, மஞ்சள் துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கதவைச் சாத்து."

பெரியவள் சாத்தினாள்.

"தாழ்ப்பாளப் போடு."

துருப்பிடித்த தாழ்ப்பாள் லேசில் நகரவில்லை. அக்காவும் தங்கையும் சேர்ந்து தள்ளவேண்டியிருந்தது. கிறீச்சிட்டுக்கொண்டு போய் அது குழியில் விழுந்ததும், கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், செருப்புச் சத்தம் கேட்டது. படியில் யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏறி வந்த சத்தம் கேட்டிருக்கவில்லை.

பெரியவள் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முதுகு நிமிரவில்லை. கடைசிப் படிவரை அந்தச் சத்தம் இறங்கி, தெருவோடு கலந்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டனப் பொறுக்குங்க ரெண்டு பேரும்" என்றாள் பிறகு. "கால்ல குத்தும்."