தவிட்டுக்கு விற்ற பிள்ளை

கீழவாஞ்சூர் சாலை வளைவில் லாரிகள் திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் நிலக்கரி சிந்தும். அதைக் கூட்டி, முறத்தால் அள்ளி, ஓரத்தில் குவிப்பது தையல்நாயகியின் வேலை. கூட்டிய இடத்திலேயே அடுத்த லாரி வந்து சிந்திவிட்டுப் போகும். இந்த வேலைக்கு முடிவே கிடையாது, அதனால்தான் கான்ட்ராக்டர் தன்னை இன்னும் நிறுத்தவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"தையல்நாயகியக்கா, மத்தியானம் ஆபீஸ் பக்கம் வந்துட்டுப் போங்க," என்றான் டிராவல்ஸ் நஸ்ருதீன். "பாப்பா பேப்பர்ல ஒரு சிக்கல்."

அவள் புருஷன் ரஞ்சித்குமார் குவைத்தில் கிரேன் வேலையில் இருந்தான். கொரோனா ஓய்ந்ததும் போனவன் இன்னும் திரும்பவில்லை. லீவு கேட்டால் கொடுப்பார்கள். லீவு முடிந்து போனால் வேலை இருக்காது. போன வருஷம்தான் அவனுக்கு சூப்பர்வைசர் என்று கார்டை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அதனால் பெண்டாட்டி பிள்ளையைத் தற்காலிக விசாவில் அழைத்துக்கொள்ளும் யோகம் வந்தது. ஆனால் ஆண்கள் மட்டும் தங்கும் கேம்பில் குடும்பத்தை எங்கே வைப்பது? அவனுடைய மேஸ்திரி ஊருக்குப் போயிருந்ததால் அவர் வீடு கோடை முடிகிற வரை காலியாக இருந்தது. அதற்குள் போனால்தான் உண்டு. ஏழு வயதுப் பிரதீபாவுக்கு அப்பா என்பவர் போனுக்குள் இருக்கிற ஆள்.

நஸ்ருதீன் பிறப்புச் சான்றிதழை மேசைமேல் திருப்பி வைத்தான்.

"அப்பா பேரு ரஞ்சித்குமார். சரி. அம்மா பேரு கமர் நிஷான்னு போட்டிருக்கே?"

"ஆமா. எங்க பக்கத்து வீட்டு லாத்தா," என்றாள் தையல்நாயகி.

அவன் வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அண்ணன் பெரிய ஆளுதான் போல."

"வாயக் கழுவுங்க தம்பி. லாத்தாவுக்கு எங்க மாமியா வயசு."

விஷயம் இதுதான். தையல்நாயகிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது, கஜா புயலில் மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டுக் கிடந்தபோது, கமர் நிஷாவின் கையில், வீட்டிலேயே பிறந்தது. தொப்புள்கொடி அறுத்த கையோடு பிள்ளையை அவளுக்கே விற்றார்கள். விலை, ஒரு முறம் தவிடு. விற்ற பிள்ளையை எமன் தேட மாட்டான்; பெற்றவள் அதை என் பிள்ளை என்று சொல்லக்கூடாது, பிள்ளையும் அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது. ஊரில் வழிவழியாக நடப்பதுதான். தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்கிற வரைக்கும் அப்படி. பிரதீபா பெற்றவளை 'அக்கா' என்றே கூப்பிட்டாள். வீட்டில் பிள்ளைக்குத் தவிடு என்றே பெயர்.

மற்ற வீடுகளில் சங்கதி இத்தோடு நின்றுவிடும். இவர்கள் ஒரு படி மேலே போனார்கள். எமன் காகிதத்தைப் பார்த்தாலும் ஏமாற வேண்டும் என்று கமர் நிஷா நேரே பதிவு அலுவலகத்துக்குப் போய், தாயார் இடத்தில் தன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். புயலுக்குப் பிந்தைய கூட்டத்தில், கரண்ட் இல்லாத அறையில், சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எமன் ஏமாந்தான். பிள்ளை தங்கியது. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரே போதுமென்று விட்டுவிட்டார்கள். குவைத்துக்கு மட்டும் அது போதவில்லை.

"இதுல ஒண்ணும் பயமில்லக்கா," என்றான் நஸ்ருதீன். "தாயார்ங்கிற மொறையில அந்தம்மா சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடட்டும். நீங்க பாப்பாவுக்குச் சித்தின்னு ஒரு உறுதிமொழி குடுங்க. சட்டுனு விசா வாங்கிடலாம். எத்தனையோ பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்."

"யாருக்குச் சித்தி?"

"பேப்பர்ல மட்டும்தான்கா."

"என் வயித்துல பொறந்ததுக்கு நான் சித்தியா?" அவள் சான்றிதழை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். "மாத்தி வாங்கிட்டு வர்றேன்."

"ஆஸ்பத்திரியில பொறந்திருந்தா லேசு. வீட்டுப் பிரசவத்துக்கு எத வச்சு மாத்துவீங்க?"

அவள் படியிறங்கிவிட்டிருந்தாள்.

சாயங்காலம் ரஞ்சித்குமார் போனில் வந்தான். சங்கதியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"கையெழுத்தப் போட்டுட்டு வா தையலு. ஒரு காயிதந்தானே. நீ யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரியும். ஏர்போர்ட்டுல நிக்கிறவனுக்குத் தெரியுமா? நீ யாருன்னு கேப்பான். சித்தின்னு நான் சொல்லணும். புள்ள பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கும்."

"மேஸ்திரி வந்துட்டாருன்னா வீடு இல்ல. அப்பறம் எப்பன்னு தெரியாது."

"தெரியுங்க. நாளைக்கே ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் புள்ள மேல எனக்கு என்ன உரிம? அந்தக் காயிதத்துல நானே கையெழுத்துப் போட்டுட்டு யாருகிட்டப் போயி நிப்பேன்?"

போனை வைத்த பிறகு அவள் அழுதாள். அவன் முகத்தை நேரில் பார்க்க அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு வந்த கமர் நிஷா பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரிக்காரர்களுக்கு இறால் பதித்த வாடா சுட்டு விற்பவள். கையில் எப்போதும் இறால் வாசம் இருக்கும்.

"எம் பேர நான்தானே சொன்னேன் புள்ள. நானே வந்து இல்லன்னு சொல்றேன். விடியட்டும்."

மறுநாள் பிரதீபாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். தையல்நாயகி கையில் ஒரு துணி முடிச்சு இருந்தது. நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அதிகாரி தெட்சிணாமூர்த்தி கூப்பிட்டார். சான்றிதழைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டிக்கொண்டு படித்தார்.

"பொய்த் தகவல் குடுத்திருக்கீங்க. அதுவே குத்தம், தெரியுமா?" என்றார் கமர் நிஷாவிடம்.

"கேஸு போடுங்க. வாடா சுட்டவளுக்குக் களி கிண்டத் தெரியாதா?"

"இது வெளையாடுற எடமில்லம்மா. பெத்ததுக்கு ஆதாரம் என்ன இருக்கு?"

"புள்ளயே இருக்கே சார்," என்றாள் தையல்நாயகி. "எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. கூட்டிட்டு வரவா?"

"தெரு சொன்னா ஆச்சா? கோர்ட்டு ஆர்டர் கொண்டாங்க."

"லாத்தா வந்து வாயால சொன்னதத்தானே எழுதுனீங்க? அன்னிக்கு யாரும் ஆர்டர் கேக்கலியே. பொய்ய எழுதறதுக்கு ஒரு வாய் போதும், நெசத்த எழுதறதுக்குக் கோர்ட்டு வேணுமா?"

அவருக்குக் கோபம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பிரதீபாவைப் பக்கத்தில் அழைத்தார்.

"பாப்பா, இவங்க ஒனக்கு என்ன வேணும்?"

பிள்ளை தையல்நாயகியைப் பார்த்தது. வீட்டில் எப்படிச் சொல்லிப் பழக்கியிருந்தார்களோ அப்படியே சொன்னது.

"அக்கா."

தெட்சிணாமூர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கேட்டுக்கங்க. கொழந்தையே சொல்லுது."

இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவள் தையல்நாயகி. இத்தனை வருஷமும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்கூட, என் மகளே என்று வாய்விட்டு அழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டவள். தவிட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கமர் நிஷா கேட்டபோதெல்லாம், வயசுக்கு வரட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டதும் அவள்தான். எமனுக்குப் பயந்தவள், இந்த மேசைக்கு முன்னால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள்.

"இங்கயா புள்ள?" என்றாள் கமர் நிஷா மெதுவாக.

"எழுதுன எடத்துலயே குடுக்குறேன் லாத்தா. முந்தானைய விரிங்க."

இரண்டு கையாலும் தவிட்டை அள்ளி அவள் முந்தானையில் போட்டாள். மின்விசிறிக் காற்றில் பாதி பறந்து ரெஜிஸ்டர்மேலும் முத்திரை மை டப்பாவிலும் அதிகாரியின் சட்டையிலும் விழுந்தது. வெளியே காத்திருந்தவர்கள் வாசலில் வந்து கூடிவிட்டார்கள்.

"வாங்குனத வாங்கிக்கிட்டேன்," என்றாள் கமர் நிஷா எல்லோருக்கும் கேட்க. "எடுத்துக்க ஒம் புள்ளைய. அல்லா காவல்."

"இனிமே அம்மான்னு கூப்புடலாமா?" என்றாள் பிரதீபா.

"கூப்புடு. சத்தமா கூப்புடு."

"அம்மா!" என்று பிள்ளை கத்தியதில் அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

தெட்சிணாமூர்த்தி சட்டையைத் தட்டிக்கொண்டார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "சரி, மனு குடுத்துட்டுப் போங்க. மேல அனுப்புறேன்," என்று ஒரு தாளை நகர்த்தி அடியில் விரலை வைத்தார். "தாயார் கையெழுத்து இங்க."

தையல்நாயகி பேனாவை எடுத்தாள்.

"நீங்க இல்லம்மா. தாயாரை மாத்தச் சொல்லித் தாயார்தான் மனு குடுக்கணும். சான்றிதழ்படி அவங்கதான்." அவர் விரல் கமர் நிஷாவைக் காட்டியது.

தையல்நாயகி அந்த விரலைப் பார்த்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த இடத்திலேயே, எழுத்து எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். கரி புகுந்த நகத்தோடு கட்டைவிரல் தாளை அழுத்திப் பிடித்திருந்தது.

"இது செல்லாது," என்றார் அவர்.

"செல்லுற வரைக்கும் உக்காந்திருக்கேன் சார்."

மூன்று பேரும் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். நஸ்ருதீனிடமிருந்து போன் வந்தது; அவள் எடுக்கவில்லை. மத்தியானம் கூட்டம் கலைந்தது. சாயங்காலம் அறை அறையாக விசிறிகள் நின்றன. தெட்சிணாமூர்த்தி பையை மாட்டிக்கொண்டு, அவர்களைப் பார்க்காமல் படியிறங்கினார். மனு அவர் மேசைமேல், தவிட்டோடு தவிடாக, முத்திரை விழாமல் கிடந்தது.

கூட்டுகிற செல்லம்மா விளக்குமாற்றோடு வந்தாள். மேசையடியில் சிதறிய தவிட்டைத் தள்ளிக்கொண்டே பெஞ்சுக்கு வந்து நின்றாள்.

"காலத் தூக்கும்மா. பூட்டணும். இல்லன்னா என்னைய வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

"நானும் கூட்டுறவதான்க்கா. சுத்திக் கூட்டிக்கங்க," என்றாள் தையல்நாயகி. அவள் கால் அசையவில்லை.

பிரதீபா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கால் தரையிலேயே இருப்பதைப் பார்த்தாள். தன் காலையும் இறக்கித் தவிட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.