பதினாறாவது கட்டம்

மார்ச் 4, புதன். தபால் நிலையத்தின் முகப்பில் பதினொரு ஜன்னல் என்று இன்று காலை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். பத்துதான். என் தவறு. மாலை ஐந்தே முக்காலுக்குப் பதினோராவது ஜன்னல் வந்துவிட்டது.

இதை நாட்குறிப்பில் எழுதிய வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. வந்த ஜன்னலோ புதியதாகத் தெரியவில்லை. மற்றப் பத்தைப் போலவே அதற்கும் பச்சைப் பெயின்ட் உரிந்திருந்தது. மேல் மூலையில் சிலந்தி வலை தொங்கியது. கொக்கி துருப்பிடித்து மாட்ட மறுத்தது. அதற்கு இடம் கொடுத்ததில் பக்கத்துச் சைக்கிள் கடை ஒரு கஜம் தள்ளிப் போயிருந்தது. கடைக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வாசலில் நிழல் கூடியிருந்ததால். கடிதம் பிரிக்கும் அம்மாள் மறுநாளே தன் நாற்காலியை அந்த ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊர்க்காரர்கள் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனார்கள்.

அவளுடைய தொழில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாடிக்கையாளரையோ ஒரே ஒரு குடும்பத்தையோ அழைத்துக்கொண்டு ஊரின் பழைய கட்டடங்களைக் காட்டுவது. மாலையில் கட்டடக்கலை வரலாற்று வகுப்புக்குப் போவாள். அங்கே விடை தெரிந்தாலும் கையைப் பாதி தூக்கி, பிறகு அந்தக் கையாலேயே தலையைக் கோதிக்கொள்வாள். எந்தக் கட்டடத்தைக் காட்டுவதென்றாலும் அதன் தூண், படி, ஜன்னல் எல்லாவற்றையும் முன்கூட்டியே மூன்று முறை எண்ணி எழுதிக்கொள்வது அவள் வழக்கம். அதனால் தெருவில் அவளுக்கு ‘மூணு தடவை’ என்று பெயர். வம்பே அங்குதான் இருந்தது. இரண்டு முறை சரியாக எண்ணுவாள். மூன்றாவது முறை ஒரு லாரி குறுக்கே போகும், கணக்கு ஒன்று கூடிவிடும். முதல் இரண்டையும் விட்டு மூன்றாவதைத்தான் நம்புவாள். மூன்று வருஷத்தில் இப்படி நான்கைந்து பிழைகள் அவள் வாயிலிருந்து வந்திருந்தன. அத்தனையும் அன்றன்று பொழுது சாய்வதற்குள் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றன. நூலக வாசலில் ஒற்றைச் சிங்கம் இருந்த இடத்தில் இரண்டு ஆயின. இரண்டாவது, முதலாவதோடு பேச்சுவார்த்தை இல்லாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

இந்த விஷயத்தின் விதிகளையும் அவள் நாட்குறிப்பில் முறையாக எழுதிவைத்திருந்தாள். சொல்லும்போது முழுக்க நம்பிச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்ற பிறகு திருத்திச் சொன்னாலும் கட்டடம் காதில் போட்டுக்கொள்ளாது. வேண்டுமென்றே சொல்லும் பொய் பலிக்காது. இந்தக் கடைசி விதியைக் கண்டுபிடிக்கக் காரணம் அவள் அம்மா. துணி உலர்த்த ஒரு பால்கனி வேண்டும் என்று அம்மா நச்சரித்ததில், அவள் தெருவில் நின்று தன் வீட்டைக் காட்டி, பால்கனி இருக்கிறது, பால்கனி இருக்கிறது என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தாள். சுவர் அசையவே இல்லை. அம்மா மட்டும், “ஊருக்கெல்லாம் கட்டித் தர்றா, பெத்தவளுக்கு ஒரு கம்பி கட்டித் தர முடியல” என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

ஊரில் இதனால் தூக்கம் கெட்டவர் நகராட்சிப் பொறியாளர் ஒருவர்தான். அவர் எங்கே போனாலும் இடுப்பில் எஃகு அளவுநாடா தொங்கும். கட்டடம் ஓரங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு அலுவலகத்தில் வரைபடம் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டாவது சிங்கத்துக்கு வரைபடம் இல்லை. பதினோராவது ஜன்னலுக்கும் இல்லை. ‘ஆவணத்துக்கும் கட்டடத்துக்கும் வேறுபாடு உண்டாக்குதல்’ என்ற தலைப்பில் இரண்டு புகார்களை அவர் எழுதிவிட்டார். மூன்றாவது எழுதப்பட்டால் வழிகாட்டி அட்டை ரத்தாகும். அட்டை போனால் அவளுக்கு வேறு வேலை தெரியாது.

இந்த நிலையில்தான் ஒரு வரைபடக்கார அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மணிக்கூண்டு மட்டும் பார்க்கணும். நான் ஒருத்திதான். எதையும் மூணு தடவை எண்ணுவியாமே? எனக்கு ஒரு தடவை போதும்.”

அந்த அம்மாள் முப்பத்தைந்து வருஷம் நகராட்சியில் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தார். வழிகாட்டி அவர் வீட்டுக்குப் போனபோது அறை முழுக்க அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. வரும் ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து தன் ஊருக்கு அழைத்துப் போகிறான்; திரும்பி வருவதாக இல்லை. போவதற்குமுன் அவருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. இருபத்து மூன்று வயதில், மணிக்கூண்டின் குவிமாடத்தைப் பழுதுபார்க்க அதன் உட்புறத்தை அவர்தான் வரைந்தார். பெண்பிள்ளை சாரத்தில் ஏறக் கூடாதென்று கீழேயே உட்கார வைத்துவிட்டார்கள். மேலேயிருந்து அளவுகள் துண்டுச் சீட்டில் வந்தன. உட்கூரையில் பதினாறு கட்டங்கள். பதினைந்து ஒரே அகலம், பதினாறாவது மட்டும் இரண்டு அங்குலம் குறைவு. வந்தபடியே வரைந்தார். மேலதிகாரியோ, குவிமாடம் கோணலாக இருக்குமா, உன் கை கோணல் என்று சொல்லி, பிளேடால் சுரண்டிச் சமமாக வரையச் சொன்னார். அம்மாள் சுரண்டினார். கோணல் கையிலா கூரையிலா என்ற கேள்வி மட்டும் முப்பத்தொன்பது வருஷமாகச் சுரண்டியும் போகவில்லை.

“தொண்ணூத்தெட்டுப் படிம்மா” என்றாள் வழிகாட்டி, வருத்தத்தோடு. “ஒரு ஆள் போற அகலம்தான். தூக்கிட்டும் போக முடியாது. நானே தோள் உரசித்தான் ஏறுவேன்.”

அம்மாள் ஒரு பெட்டியிலிருந்து பழைய வரைபடம் ஒன்றை எடுத்து மடியில் விரித்தார். ‘மணிக்கூண்டு: உள் சரிவுப்பாதை.’ தடித்த கிழக்குச் சுவருக்குள் ஏழு சுற்றாக ஒரு பாதை மேலேறியது. கீழ் ஓரம் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது.

“இது நீங்க வரைஞ்சதாம்மா?”

“கையெழுத்து யாருது? என்னுதுதானே.”

வழிகாட்டி அன்று முழுக்க அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். பழுதுபார்ப்புக்காக அளந்து வரைந்தவர் இந்த அம்மாள். எனவே இதுவும் இருப்பதை அளந்து வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும். கிழக்குச் சுவர் மட்டும் ஏன் ஒன்பதடி கனம் என்று அவள் வெகுநாளாக யோசித்ததுண்டு. மணியை உருட்டிக்கொண்டு போகப் பாதை வைத்திருப்பார்கள், பிறகு அடைத்திருப்பார்கள். எல்லாம் பொருந்தியது. நேரில் போய் மூன்று முறை சரிபார்க்கத்தான் வழியில்லை. சாவி பொறியாளரிடம் இருந்தது, அவர் சனிக்கிழமை நேரில் வந்துதான் திறப்பேன் என்றுவிட்டார். அதனால் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் ஒரு விஷயத்தைச் சரிபார்க்காமல் நம்பினாள்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மூவரும் மணிக்கூண்டின் கீழ்த்தளத்தில் கூடினார்கள். பொறியாளர் சாவியோடு புகார்ப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். வழிகாட்டி கிழக்குச் சுவரைக் காட்டி, இதற்குள் ஏழு சுற்றுள்ள சரிவுப்பாதை இருக்கிறது, மணியை மேலேற்றக் கட்டியது, கதவைத் தேடினால் போதும் என்று தெளிவாகச் சொன்னாள். அவள் குரல் அன்று ஒரு முறைகூடப் பின்வாங்கவில்லை.

பொறியாளர் சிரித்துவிட்டார். “ஏம்மா, அது கட்டவே இல்ல. தள்ளுபடி ஆன பிளான். ஆபீஸ்ல நகலே இருக்கு.” பேனா மூடியைக் கழற்றினார்.

வழிகாட்டி மெதுவாக அம்மாள் பக்கம் திரும்பினாள். அம்மாள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓரத்துல என்னம்மா இருந்துச்சு?”

“தள்ளுபடின்னு முத்திரை. நான்தான் கத்தரிச்சேன்.”

“பொய் சொல்லிட்டீங்களே!”

“எங்கே சொன்னேன்? வரைஞ்சது நான்தான்னு சொன்னேன். கட்டினாங்கன்னு நீயா நினைச்சுக்கிட்டே.”

“என் கார்டு போச்சும்மா” என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. அம்மாள் நகத்தை விட்டு நிமிர்ந்தார். “இரும்மா, பொழுது சாயட்டும்” என்று மட்டும் சொல்லி, பிளாஸ்கைத் திறந்து மூன்று பேருக்கும் தேநீர் ஊற்றினார். பொறியாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். மெல்ல மெல்லக் குடித்தார்; தேநீர் முடியும்வரை எழுதவும் இல்லை.

ஐந்து அடித்தது. ஐந்தே முக்கால் ஆயிற்று. உண்மை தெரிந்த பிறகும் சொன்ன சொல் செல்லுமா என்று அவள் விதிகளில் எழுதிவைக்கவில்லை. இதுவரை யாரும் பொழுது சாய்வதற்குள் அவளுக்கு உண்மையைச் சொன்னதில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கிழக்குச் சுவரின் செங்கற்களை எண்ணத் தொடங்கினாள். முதல் முறை அறுநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாம் முறை அறுநூற்றுப் பதினான்கு. மணி ஆறு அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை நானூற்று எண்பதிலேயே கணக்கு முடிந்துவிட்டது. மீதிச் செங்கல் இருந்த இடத்தில் கதவு இருந்தது. பழைய கதவு, கைப்பிடி தேய்ந்து பளபளத்தது.

பொறியாளர் முதலில் கதவின் அகலத்தை அளந்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தள்ள ஒரு கை கொடுத்தார். பாதை அம்மாள் வரைந்த அதே சரிவில், பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம், அலுங்காமல் ஏறியது. நான்காவது சுற்றில் சுவர் திடீரென்று பிதுங்கிக்கொண்டு நின்றதில் சக்கரம் உரசியது.

“இங்கேதான் தும்மினேன்” என்றார் அம்மாள். “மை சிந்திடுச்சு.”

“இதையும் கட்டியிருக்காங்க” என்றார் பொறியாளர், ஒருவித மரியாதையோடு.

மேலே குவிமாடத்தின் அடியில் மாலை வெயில் சுற்று ஜன்னல்கள் வழியாக வந்து உட்கூரை முழுக்கப் பரவியிருந்தது. அம்மாள் தலையை அண்ணாந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். வாய்க்குள் எண்ணினார். பிறகு வடமேற்கு மூலையைக் காட்டி, அதை அளங்க என்றார். பொறியாளர் உள் விளிம்பில் ஏறி ஒவ்வொரு கட்டமாக அளந்துகொண்டே போனார். மூன்றடி எட்டங்குலம், மூன்றடி எட்டங்குலம் என்று பதினைந்து தடவை அவர் குரல் வட்டமாகச் சுற்றி வந்தது. பதினாறாவதில் நாடாவின் நுனியை அழுத்திப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

“மூணடி ஆறு” என்றார்.

 அம்மாள் தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையும் புறங்கையுமாகப் பார்த்தார். கட்டிய கொத்தனாருக்குக் கடைசியில் இடம் பற்றவில்லை, அவ்வளவுதான்.

“இன்னொரு தடவை அளக்கட்டுமாம்மா?” என்று பொறியாளரே கேட்டார்.

“ஒரு தடவை போதும் சார்.”

இறங்கும்போது வழிகாட்டிக்குப் புகார்ப் புத்தகத்தின் நினைப்பு வந்தது. கீழே பொறியாளர் அதைத் திறந்து வெகுநேரம் யோசித்தார். சிங்கத்துக்கு வரைபடம் இல்லை, ஜன்னலுக்கு இல்லை. இந்தச் சரிவுப்பாதைக்கு இருக்கிறதே, நகல் அவர் அலமாரியிலேயே, மைத் துளி உட்பட. வேறுபாடு எங்கே இருக்கிறது? வேறுபாடு குவிமாட வரைபடத்தில்தான், அதுவும் முப்பத்தொன்பது வருஷமாக, அவருடைய அலுவலகமே வைத்திருப்பது. பேனாவை மூடினார். தள்ளுபடி முத்திரைக்குப் பக்கத்தில் ‘கட்டப்பட்டது’ என்று எழுத வேண்டும், திங்கள்கிழமை நினைவூட்டு என்று வழிகாட்டியிடமே சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, தன் அறைக்குக் கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று அவள் எப்போதாவது எண்ணியதுண்டா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். சரி, சரி, எண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாள் வழிகாட்டியின் கையில் அந்தக் கத்தரித்த துண்டைக் கொடுத்தார். பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்திருந்திருக்கிறார். “கோபமா?”

“கொஞ்சம்.”

“இருக்கட்டும். நாளைக்கு நான் ரயில்ல இருப்பேன். நல்லாத் திட்டிக்கோ.”

மார்ச் 28, சனி. மணிக்கூண்டுக்குள் சரிவுப்பாதை உண்டு என்று சொன்னேன். கிடையாது. என் தவறு. ஆறு மணிக்கு வந்துவிட்டது. அம்மா வந்து ஏறிப் பார்த்துவிட்டு, துணி உலர்த்த நல்ல இடம் என்கிறாள். நாளை காலை ஒன்பதுக்குப் பாலத்தின் விளக்குக் கம்பங்களை எண்ண வேண்டும். ஒரு தடவை.