வலம் வந்த வண்டி

மலேசியாவில், லாபிஸ் ஊர்த் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே போனால், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு தனி வீடு இருக்கிறது. சில வருடங்களாக அந்த வீட்டை ஒரு பெரிய கறுப்பு வண்டி தினமும் காலையில் மெல்லச் சுற்றி வந்தது. கடைக்குப் போகக்கூட மோட்டார் சைக்கிளை எடுக்கிற தங்கராஜுவுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்காத வாய் இல்லை. வண்டி அவருடையது அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகன் ரூபேந்திரனுடையது.

மழையிலும் சேற்றிலும் வழுக்காது, நான்கு சக்கரமும் இழுக்கும் என்று ஆசை ஆசையாக வாங்கிய வண்டி அது. வெள்ளிக்கிழமையானால் எல்லைப் பாலத்தைத் தாண்டி அதில்தான் வீட்டுக்கு வருவான். பிறகு அவனுக்கு அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைத்தது. பி.ஆர். கிடைத்தவர்கள் மலேசிய நம்பர் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டக்கூடாது என்பது அங்கத்திய சட்டம். ஆக, மகன் அக்கரையில், வண்டி இக்கரையில். சும்மா நிறுத்தினால் பேட்டரி செத்துவிடும், அப்பப்போ எடுத்து ஓட்டுங்கள் என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான். அப்புறம் தீபாவளிக்கு வந்தான்.

ஓட்டுங்கள் என்றால் எங்கே ஓட்டுவது? வெளிச்சாலையில் செம்பனைக் குலை லாரிகள் கல்லை வாரி இறைத்துக்கொண்டு போகும். மகன் வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் தங்கராஜுவுக்கு மூன்று வேளையும் சோறு இறங்காது. அதனால் வீட்டைச் சுற்றியே ஓட்டினார். இடம் குறுகல், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் பிடித்தால்தான் வண்டி வளையும். பின்பக்கம் முனீஸ்வரர் மேடை இருந்தபடியால் வலப்பக்கமாக மட்டும்தான் சுற்றுவார். சாமியை இடம் சுற்ற யாருக்கு மனசு வரும்? மேடையைத் தாண்டும்போது ஒரு கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

அந்தச் சாவியில் இன்னொரு சங்கதி இருந்தது. கதவைத் திறந்ததும் சீட்டு தானே பின்னுக்கு நகர்ந்து, ரூபேந்திரனின் நீண்ட கால்களுக்கு இடம் விட்டு நிற்கும். திரையில் அவன் பெயர் போட்டு வணக்கம் சொல்லும். தங்கராஜு கட்டையான ஆள். ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு முன்னுக்கு வந்துவிடும், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அழுத்தமாட்டார். சீட்டின் நுனியில் உட்கார்ந்து, எட்டி எட்டி மிதித்து ஓட்டுவார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வீட்டில் மகன் பெயரைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

மனைவி மலர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலைப் போன் அவளுடையது. எடுத்ததும் அவள் மகனிடம் "பசியாறிட்டியா?" என்பாள், அவனும் திருப்பிக் கேட்பான். அங்கிருந்து பேச்சு கிளை விட்டுப் போகும். அவள் போன பிறகு போன் இவர் கைக்கு வந்தது, கேள்வி மட்டும் வரவில்லை. "வண்டி எப்படிப்பா இருக்கு?" என்றுதான் அவன் ஆரம்பிப்பான். பேட்டரி, டயர் காற்று, கொஞ்சம் மழை. அப்புறம், "வேற ஒன்னும் இல்லையே?"

"ஒன்னும் இல்லப்பா" என்பார் இவர். போன் அடங்கிவிடும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் மேடையருகே திரும்பும்போது வண்டி நடுங்கியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி இழுப்பது போல இருந்தது. வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் வேறு. ஞாயிற்றுக்கிழமை அதை மகனிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவனே போன் செய்தான். வியாழக்கிழமை மறுபடியும் செய்தான். எந்த வேகத்தில் நடுங்குகிறது, நேராகப் போனால் எப்படி, சத்தம் முன்னாலா பின்னாலா என்று துருவித் துருவிக் கேட்டான். தங்கராஜுவுக்கு ஒரே குஷி. வண்டிக்குச் சீக்கு வந்ததில் மனுஷனுக்கு இரண்டு கவளம் சோறு கூடவே இறங்கியது.

உடனே வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள் என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். இவர் இன்று மழை என்றார், மறுநாள் முழங்கால் வலி என்றார், பழுது பார்க்கிற போர்மேன் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றார். காலையில் சுற்றுவதை மட்டும் விடவில்லை. நடுக்கம் கூடிக்கொண்டே போய், கடைசியில் திரும்பும்போதெல்லாம் படாரென்று ஒரு அடி விழ ஆரம்பித்தது. இனி உங்களை நம்பி ஆகாது, சனிக்கிழமை நானே வருகிறேன் என்றான் ரூபேந்திரன். தங்கராஜு அன்றைக்கே பாசாருக்குப் போய் ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைத்தார்.

அவன் வந்தான். வந்த வேகத்தில் அரைத் தட்டு சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான், சாவியைக் கேட்டான். அப்பனும் மகனும் பக்கத்து ஊரான யோங் பெங்கில் ரோலண்ட் வைத்திருந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். ரோலண்ட் ரூபேந்திரனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கேலி பேசாமல் அவனுக்கு ஸ்பானர் பிடிக்க வராது. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்கிய ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினான். அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். இன்ஜின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு போடுவது அதன் வேலை. வண்டி திரும்பும்போது முன்னும் பின்னும் ஒரே தூரம் ஓடாது, அதனால் உள்ளே இருக்கிற கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்க வேண்டும். ஆயில் கெட்டால் அது வழுக்காமல் கவ்விக்கொள்ளும், நடுக்கம் அதனால்தான் என்றான்.

அடியில் இருந்த நட்டைக் கழற்றினான். தார் மாதிரி கறுப்பாக இறங்கியது ஆயில், தீய்ந்த வாடை வேறு. ஆயிலே மாற்ற வேண்டாம், வண்டி ஆயுசுக்கும் தாங்கும் என்றல்லவா விற்றவன் சொன்னான் என்று ரூபேந்திரன் குறைப்பட்டுக்கொண்டான்.

"யாரோட ஆயுசுன்னு கேட்டியா லா?" என்று சிரித்த ரோலண்ட், முன் சக்கரத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். இடது பக்க டயரின் வெளி விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. உள்ளே எட்டி மீட்டரையும் பார்த்தான். "அலமாக், ஓடுனதே கொஞ்சம்தான். ஆனா ஓடுனது பூரா ஒரே பக்கமா திரும்பியே ஓடியிருக்கு. யாரு ஓட்டுறது?"

தங்கராஜு தரையைப் பார்த்தார். ரூபேந்திரன் அப்பாவைப் பார்த்தான். வீட்டைச் சுற்றி மண்ணில் பள்ளமாக விழுந்திருந்த அந்த வட்டத்தைக் காலையில் வந்தபோதே அவன் கவனித்திருந்தான், மழைத்தண்ணீர் ஓட வெட்டியது என்று நினைத்திருந்தான்.

"ஏன்பா ரோட்டுக்கே எடுக்கல?"

"எங்கப்பா போறது?" என்றார் தங்கராஜு.

அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது. போக ஓர் இடமில்லை, வரவும் ஆளில்லை, உன் பெயர் திரையில் வருகிறதே என்றுதான் தினமும் ஏறி உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ரோலண்ட் கையைத் துடைத்தபடி அடுத்த வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டான். மனுஷன் நல்லவன்.

புது ஆயில் ஊற்றியாயிற்று. இப்போது ஊற்றியது உள்ளே கிடக்கும் அழுக்கை அலசத்தான், கொஞ்ச நாள் நேர் ரோட்டில் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்ற வேண்டும், டயர் நான்கையும் ஒன்றாகவே மாற்றிவிட வேண்டும் என்றான் ரோலண்ட். இன்னொரு தடவை என்ற சொல் தங்கராஜுவின் காதில் தேனாகப் பாய்ந்தது. அதற்கும் மகன் வருவான். தீபாவளிக்கு முன்னாலேயே வருவான். இந்த முறை ஆட்டுக்கறியோடு நண்டும் வாங்க வேண்டும் என்று மனசுக்குள் சமையலே முடித்துவிட்டார்.

திரும்பும் வழியில் வண்டி பதவிசாக வளைந்தது. ஒரு முனகல் இல்லை. ரூபேந்திரன் தண்டவாளம் வரை ஓட்டி வந்தான். பிறகு, "உங்களுக்கு ரொம்பத் தொல்லை குடுத்துட்டேன்பா. இனிமே இந்த வேலையெல்லாம் உங்களுக்கு வேணாம். வித்துடலாம்" என்றான். பாசமாகத்தான் சொன்னான். அதனால்தான் மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று. "சரிப்பா" என்றார் அவர்.

மூவாரிலிருந்து ஒருவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சாவியைக் கொடுக்கும்போது, ஆயிலை இன்னொரு தடவை மாற்ற வேண்டும் என்று தங்கராஜு இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மகனைக் குறை சொல்ல முடியாது, எதைக் கேட்பதற்கு அவன் கூப்பிடுவான்? காலையில் வாசலில் வந்து நின்றால் வட்டம் மட்டும் கிடந்தது. அதில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. வீடு இவ்வளவு அமைதியானது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். ரூபேந்திரன் பதறிப்போய், என்னப்பா, என்ன ஆச்சு என்றான். வாங்கினவர் ஆயில் மாற்றினாரா என்று கேட்டார் இவர்.

"அப்பா, அது இப்ப அவர் வண்டிப்பா."

"ஆமா, ஆமா. ரோலண்ட் சொன்னானேன்னு கேட்டேன்."

பிறகு வழக்கமான அந்தக் கேள்வி வந்தது. "வேற ஒன்னும் இல்லையே?"

ஒன்னும் இல்லப்பா என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. வாசலில் புல் காற்றில் ஆடியது. தங்கராஜு போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இருக்குப்பா" என்றார். "தனியா இருக்க முடியல."

சொல்லிவிட்டாரே ஒழிய உடம்பெல்லாம் கூசியது. போனை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரூபேந்திரன் அதை அணைத்தான்.

"பசியாறிட்டீங்களாப்பா?" என்றான்.

தங்கராஜு அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் அப்படியே இருந்தது.

"இன்னும் இல்லப்பா" என்றார்.