ஒரு சேவல்வால் போட்ட கதை

ஜூசேலியாவின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைகிற எவனும் முதலில் கேட்பது, "மெக்கானிக் இல்லையா?" என்பதுதான். கையெல்லாம் கிரீஸோடு எதிரே நிற்கிறவள் அவன் கண்ணில் படவே மாட்டாள். பிரேசிலின் ரிபெய்ராவ் பிரேட்டோ ஊரில் வருஷக்கணக்காக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் அவள் டியூன் செய்த டர்போ ஓப்பாலா கார் ஜெயித்துவிட்டால் அந்தக் கேள்வி ஒழியும். வண்டிக் கதவில் அவள் பேர்தான் பெரிதாக எழுதியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், வண்டி அவள் தம்பி வால்தேசீருடையது. ஓட்டுகிறவனும் அவன்தான். நாற்பதை நெருங்கியும் ஒருநாள்கூடச் சொன்ன பேச்சைக் கேட்டவனில்லை. டேங்கில் எத்தனால் எவ்வளவு என்று காட்டுகிற சென்சார் வாங்கடா என்றால், பளபளக்கிற சக்கரம் நாலு வாங்கிக்கொண்டு வந்து பல்லை இளித்தான். இவனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

வியாழக்கிழமை காலை டியூனிங்குக்கு வரச்சொல்லியிருந்தாள். வரவில்லை. போன் போட்டாள்.

"எங்கடா தொலைஞ்ச?"

"பங்க்லதான் அக்கா. ஒரு சேவல்வால் போட்டாச்சு, இதோ வந்துட்டேன்."

சேவல்வால் என்பது கரும்புச் சாராயத்தில் வெர்மூத் என்கிற ஒயினைக் கலந்த கிளாஸ். பங்கை ஒட்டியே பார். ஜூசேலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலங்காத்தாலயாடா?"

"அதுக்குக் காலையென்ன, சாயங்காலமென்ன? கரும்பு வெட்டுற சமயம், சல்லிசாக் கெடைக்குது."

"பந்தயம் முடியற வரைக்கும் சேவல்வாலைத் தொட்ட, கையை ஒடிச்சுப்புடுவேன். சத்தியம் பண்ணு."

"சரிக்கா, சத்தியம். இதுக்குப் போயி ஏன் இப்படிக் கத்துற?"

வந்தவன் வாயில் சாராய வாடையே இல்லை. புதினா மிட்டாய் மென்றிருப்பான், கள்ளன். "சாவியக் குடுத்துட்டு என் கண்ணு முன்னால நிக்காமப் போ" என்று விரட்டிவிட்டாள்.

வெளியாள் வண்டியாக இருந்தால், டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து அளவுக் குப்பியில் ஊற்றி, உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, எத்தனால் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கை வைப்பாள். இந்த ஊர் பெட்ரோலே கரும்பு எத்தனால் கலந்துதான் வருகிறது. அதற்கு மேல் எவன் எதைச் சேர்த்தானோ, யார் கண்டது? ஆனால் தம்பி வண்டிதானே. எரிச்சலில் அதை விட்டுவிட்டாள்.

என்ஜின் சக்தியை அளக்கிற டைனோ உருளைகள் மேல் ஏற்றி மிதித்தால், என்ஜின் எரிபொருள் போதாமல் தவித்தது. போன வாரம் ஒழுங்காகத்தானே இருந்தது? இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினாள். ஃபில்டரை மாற்றினாள். பம்ப்பைத் திட்டினாள். ஒன்றும் சரிப்படாமல், கம்ப்யூட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டினாள். என்ஜின் அடங்கியது. தீப்பொறி பற்றுகிற டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினாள். அளவு மீறினால் என்ஜின் தட்டும்; அந்தச் சத்தமே இல்லை. இன்னும் தள்ளினாள், அப்போதும் இல்லை. குதிரைசக்தி ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டாள்.

ஞாயிறன்று பந்தயக் கோட்டில் வண்டி நின்றது. வேலியோரம் வால்தேசீரின் மனைவி நெயூஸா பொரித்த பாஸ்டல் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்காவது குடிக்காம வந்திருக்கானா?" என்று கேட்டாள் ஜூசேலியா.

"குடியா? வயித்துல புண்ணுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து அவரு ஒரு சொட்டுத் தொடல அண்ணி. ரெண்டு மாசமாச்சு."

"பொய் சொல்லாத. வியாழக்கிழம சேவல்வால் போட்டேன்னு என்கிட்டயே சொன்னானே?"

"அது வண்டிக்கு அண்ணி. பெட்ரோல் பாதி, எத்தனால் பாதி."

ஜூசேலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. டேங்கில் பாதிக்குப் பாதி ஊற்றுவதற்கும் இங்கே சேவல்வால் என்றுதான் பேர். பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எத்தனால் அதிகமிருந்தால் எவ்வளவு டைமிங்கையும் என்ஜின் தாங்கும்; வெறும் பெட்ரோலில் தாங்காது. அந்தக் கலவைக்குத்தான் அவள் டியூன் செய்திருக்கிறாள்.

"இப்ப டேங்க்ல என்ன இருக்கு?"

"வெறும் பெட்ரோல்தான். நேத்து வடிச்சுட்டு ரொப்புனாரு. பங்க் பையன் வியாழக்கிழம மாதிரி பாதி பாதியான்னு கேட்டான். அக்காவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன், சேவல்வால் தொடமாட்டேன்னுட்டாரு."

வேலியைத் தாண்டி ஓடினாள். கையை ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து வால்தேசீரும் கையை ஆட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

பாதித் தூரம் அவன்தான் முன்னால் போனான். பிறகு தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்ஜின் தட்ட ஆரம்பித்தது. ஒரு வெடிச் சத்தம், வெள்ளைப் புகை. பக்கத்து வண்டி கடந்து போய்விட்டது. பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும். பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, கதவிலிருந்த அவள் பேர் மேலெல்லாம் எண்ணெய் தெறித்திருந்தது. வால்தேசீர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அடி வாங்கப்போகிறவன் மாதிரி நின்றான்.

"நீ சொன்னபடிதான அக்கா செஞ்சேன்?"

அவன் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. அவள் குப்பியை எடுத்து ஒரு தரம் குலுக்கியிருந்தால் போதும். எந்தச் சேவல்வால் என்று திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் போதும். திட்ட வேண்டியது தன்னைத்தான் என்று தெரிந்தும், வாய் பழக்கம் விடுமா?

"பாழாப்போனவனே," என்றாள். "பொறந்ததுலேருந்து கேக்காத என் பேச்ச, இன்னிக்குன்னு பாத்தாடா கேக்கணும்?"