குறுக்கே ஒட்டிய கண்ணாடி

சுவரில் விரிசல் விட்டால் எல்லாரும் சிமெண்டைத் தேடுவார்கள். படங்களுக்குப் பிரேம் போடும் கடைக்காரரின் மகன்கள் இன்ஜினியரைத் தேடினார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. படுக்கையறை ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை சாய்வாக இறங்கியிருந்தது விரிசல். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

இன்ஜினியர் சின்ன வயசு, விவரமானவன். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனைகளையும் சுவரோடு ஒட்டினான்.

"நின்னுபோன விரிசல்னா அடைச்சுப் பூசிடலாம். அஸ்திவாரம் இன்னும் இறங்குதுன்னா இது உடையும். உடைஞ்சா ஒரு நிமிஷம் இங்க இருக்கக்கூடாது. மழைக்காலம் முடிஞ்சதும் வந்து பாக்கறேன்."

"உடைஞ்சா அம்மா என் வீட்டுக்கு, நீங்க தம்பி வீட்டுக்கு," என்றான் பெரியவன். "ரெண்டு பேரையும் சேர்த்து வைக்க யார்கிட்டப்பா இடம் இருக்கு?"

பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் பிரித்துவிட்டான். அன்று அவள் சாப்பிடவே இல்லை. "என்னை அனுப்பிடாதீங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சே குழறும் அவளுக்கு. அது மட்டும் தெளிவாக வந்தது.

இரண்டாவது மழைக்கே கண்ணாடி விண்டுபோனது. ஆனால் ஆயுள் முழுக்கப் படங்களுக்குக் கண்ணாடி வெட்டிய கை ஆயிற்றே! அதே அளவில் ஒன்று வெட்டி, அச்சு அசலாக ஒட்டிவிட்டார். ஜன்னல் கதவு அடித்த அதிர்வில் உடைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசைப்போல ஒரு வக்கீல் உலகத்தில் கிடையாது. அதுவும் உடைந்தது. மறுபடி ஒட்டினார்.

மழை விட்டு வந்த இன்ஜினியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "விரிசல் நின்னுபோச்சு ஐயா. இனி நிம்மதியாத் தூங்குங்க." விரிசலை வெட்டி அகலமாக்கி, கலவையை அடைத்து, பூசி, பெயிண்டும் அடித்துக் கொடுத்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது பாவி மனுஷருக்கு.

அடுத்த மழையில், அவர் மாத்திரை வாங்க டவுனுக்குப் போயிருந்த நேரம் சுவர் சரிந்தது.

திரும்பி வந்தபோது தெருவே கூடியிருந்தது. அவளை வெளியே எடுத்துக் கிடத்தி, போர்வையால் மூடியிருந்தார்கள். பெரியவன், சேதி கேட்டு ஓடிவந்திருந்த இன்ஜினியரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். "எங்கம்மாவைக் கொன்னுட்டியேடா! நிம்மதியாத் தூங்குங்கன்னு சொன்னியே!"

இன்ஜினியரின் வாயெல்லாம் ரத்தம். "கண்ணாடி உடையலையே சார்... உடையவே இல்லையே..." என்று அழுதான்.

கிழவர் இருவருக்கும் நடுவில் போய் விழுந்தார். "அவனை விடுடா! உடைஞ்சுது, ரெண்டு தடவை உடைஞ்சுது. நான்தான் மாத்தி ஒட்டினேன். உங்கம்மாவை நான்தான்டா கொன்னேன்!"

பெரியவனின் கை ஒரு கணம் நின்றது. அப்பாவைப் பார்த்தான். பிறகு தம்பியிடம், "அப்பாவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போடா, புத்தி பேதலிச்சுப் போச்சு," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் இன்ஜினியரை அடித்தான்.