ஒரு நொடி மெதுவான டயர்

மூன்று நட்டுகள் கழன்று தரையில் உருண்டுகொண்டிருந்தன. நான்காவதின் மேல் ஏர் கன்னை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான் அவன்.

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அந்தச் சக்கரத்தை அவள் பூட்டியிருந்தாள். நாலு டயருக்கும் காற்று பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, கை கழுவிவிட்டு வருவதற்குள் இந்தக் கூத்து.

"டேய், என்னடா பண்றே?"

ஏர் கன்னின் 'டர்ர்' சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. கிட்டே போய்த் தோளில் பட்டென்று ஒன்று வைத்தாள். அவன் திரும்பினான். பந்தய உடையின் மேல் பாதியை உரித்து இடுப்பில் கட்டியிருந்தான். நெற்றியில் வியர்வை.

"இது வேணாம்க்கா. அந்த செட்டை மாட்டு."

சுவரோரம் அடுக்கியிருந்த டயர்களைக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. அவன் கை காட்டிய டயர், மாட்டியிருந்ததைவிடச் சுற்றுக்கு ஒரு நொடி மெதுவானது. அது அவனுக்கும் தெரியும்.

சுவர்க் கடிகாரம் பத்து இருபது காட்டியது. பதினொன்றுக்கு அவன் தடத்தில் இருக்க வேண்டும்.

விஷயம் எளிது. பந்தய அணியின் முதலாளிக்கு இந்த சீசனுக்கு ஒரே ஒரு ஓட்டுநர் வேண்டும். போட்டியில் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே கார்: பின்சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகிற, ஐந்நூறு குதிரைத் திறன் கொண்ட வெள்ளை நிற ராட்சசி. ஆளுக்கு மூன்று சுற்று. டயரை மட்டும் அவரவர் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மூன்றில் சிறந்த சுற்றின் நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு சீட்.

எதிராளியை எல்லோரும் 'புயல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான். காலை ஒன்பது மணிக்கு ஓட்டிவிட்டுப் போய்விட்டான். ஒரு நிமிடம், ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு நொடி.

தம்பிக்கு முப்பத்தொரு வயது. இதை விட்டால் இனி எந்த அணியும் கூப்பிடாது. பழையபடி டிரைவிங் ஸ்கூலில் உட்கார்ந்து, 'கிளட்சை மெதுவா விடுங்க சார்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"மாப்ளைக்கு என்ன, டயர்லயும் ஃபேஷனா?" என்று பின்னாலிருந்து கேட்டார் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஸ்டாப்வாட்ச் பிடிப்பதற்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "லீவு லெட்டர்ல மனைவிக்குக் காய்ச்சல்னு எழுதியிருக்கேன். அதை நிஜமாக்கிடாதீங்கப்பா."

வழக்கமாக மாமாவின் மொக்கை ஜோக்குக்கும் விழுந்து விழுந்து சிரிப்பவன், இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பெயர் என்னவோ இருந்தது. ஷெட்டில் எல்லோருக்கும் அவள் 'கேஜ்'தான். டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கும் அந்தச் சின்னக் கருவி எப்போதும் அவள் சட்டைப்பையில் இருக்கும். பதினோரு வருடமாக அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரே ஒரு சட்டம். டயர் எதுவென்று அவள் சொல்வாள். எப்படி ஓட்டுவதென்று அவன் முடிவு செய்வான். அவள் ஒருநாளும் 'அந்த வளைவுல சீக்கிரம் பிரேக் போடு' என்று சொன்னதில்லை. அவன் ஒருநாளும் டயரைத் தொட்டதில்லை.

இன்றுதான் முதல் தடவை.

"உக்காரு," என்றாள். பழைய டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு அவனை அதில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தாள். "மாட்டியிருக்கறது சாஃப்ட். சூடேறினா ரோட்டுல பசை மாதிரி ஒட்டும். புயல் இதுலதான் ஓட்டினான். சரியா?"

"சரி."

"நீ கேக்கறது ரோட்டுக்கும் ஆகும், தடத்துக்கும் ஆகும்னு விக்கற டயர். பக்கச் சுவர் கொழகொழன்னு இருக்கும். வளைவுல காரே அரை அங்குலம் நெளியும்."

"நெளியட்டும்."

"ஒரு நொடிடா. சுற்றுக்கு ஒரு நொடி போகும்."

"சாஃப்ட் சொல்லாம கொள்ளாம பிடியை விட்டுடுதுக்கா. ஸ்டீயரிங்ல ஒண்ணுமே தெரியல, கல்லு மாதிரி இருக்கு. இருக்கு இருக்குன்னு நினைக்கறேன், அடுத்த நிமிஷம் இல்ல. அந்த டயர் அப்படி இல்ல. விடறதுக்கு முன்னாடி கைக்குச் சொல்லும். ஸ்டீயரிங் லேசாகும், அப்புறம் உதறும். நான் பிடிச்சுக்குவேன்."

"பதினோரு வருஷமா சாஃப்ட்லதான ஓட்டறே? அப்பல்லாம் சொல்லிட்டு விட்டுதா?"

அவன் தரையைப் பார்த்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் எழுந்து நோட்டை எடுத்தாள். அதில் அவள் யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி இருந்தது.

அவன் ஓட்டிக் கழித்த ஒவ்வொரு டயரையும் அவள் அளந்து எழுதி வைத்திருந்தாள். ஆளைப் பார்க்காமலே, தேய்ந்த டயரை வைத்து அவன் எப்படி ஓட்டினான் என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வளைவில் துணிந்து சாய்கிறவனுடைய முன் டயர் வெளி ஓரத்தில் நன்றாகத் தேயும். மூன்று மாதத்துக்கு முன்பு வரை தம்பியின் டயர் அப்படித்தான் தேய்ந்தது. அப்போது அவனுடைய நேரம் ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. அதற்குப் பிறகு வெளி ஓரம் தேயவே இல்லை. புதிது போல இருந்தது. நேரம் ஐம்பத்து மூன்றரை. அதே கார், அதே டயர்.

டயர் பொய் சொல்லாது. அவன் பயப்படுகிறான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. காலையில் அவள் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். புயலின் மாமா தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நடந்தார். அவர் இவன் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே வர, இவன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போனான். பூம்பூம் மாடு தோற்றுவிடும்.

அவள் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"காலைல புயலோட மாமா உன்கிட்ட என்ன பேசினார்?"

"சும்மா. என்னென்னமோ சொன்னார்."

"என்னென்னமோன்னா?"

"ஞாபகம் இல்லக்கா."

"எல்லாத்துக்கும் தலையாட்டினியே."

"வயசானவர். தலையாட்டாம வேற என்ன பண்றது?"

"இங்க பாரு. யாராவது உன்னை மிரட்டியிருந்தா சொல்லு. ஏதாவது தர்றேன்னு சொல்லியிருந்தாலும் சொல்லு. நான் அடிக்க மாட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. "நான் தோக்கறதுக்காக இதைக் கேக்கலக்கா," என்றான். "இந்த ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு. ஏன்னு ஓட்டி முடிச்சப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொல்லேன்."

"இப்ப சொன்னா நீ என்னைக் காரை எடுக்கவே விடமாட்டே."

மணி பத்து முப்பத்தைந்து.

வாத்தியார் ஸ்டாப்வாட்சைத் துடைப்பது போல் பாவனை செய்துகொண்டு அவள் பக்கத்தில் வந்தார். "நான் ஒண்ணு சொல்லட்டா?"

"கணக்குன்னா சொல்லுங்க. அறிவுரைன்னா வேணாம்."

"கணக்குதான். சாஃப்ட்ல மூணு மாசமா ஐம்பத்து மூணரை. இன்னிக்கும் அதேதான் வரும்னா சீட் போச்சு. சரியான டயரை மாட்டித் தோக்கறதும் தோல்விதான். அப்ப அவன் கேக்கறதை மாட்டினா உனக்கு என்ன நஷ்டம்?"

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம். ஆனால் தப்பென்று தெரிந்த டயரைத் தன் கையால் பூட்டுவது, மூடி இல்லாத பாட்டிலைப் பைக்குள் வைப்பது போல அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

தரையில் கிடந்த நட்டைப் பொறுக்கினாள்.

"ஜாக்கியைப் பிடிங்க," என்றாள் கணவரிடம்.

பதினெட்டு நிமிடத்தில் நாலு சக்கரமும் மாறின. நெளிகிற டயர் என்பதால் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். பின்னால் அகலமானது, முன்னால் குறுகலானது. டயரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று நாலையும் இரண்டு முறை சரிபார்த்தாள். மாட்டுவது என்று ஆன பிறகு அரைமனதாக மாட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை.

தம்பி ஹெல்மெட்டை எடுத்தான். அவள் ரேடியோ ஒயரை நீட்டினாள்.

"வேணாம். போர்டு காட்டு."

"ஏன்?"

"காதுக்குள்ள நீ தொணதொணன்னு பேசினா எனக்கு வளைவெல்லாம் மறந்துபோகுது."

"நான் எப்படா தொணதொணத்தேன்?"

"அவன் சொல்றது உண்மைன்னு நான் எழுதித் தரட்டுமா?" என்றார் வாத்தியார்.

கார் கிளம்பியது.

முதல் சுற்று டயரைச் சூடேற்றத்தான். ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தடத்தின் ஓரத்தில் குடை போட்ட நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் புயல், கையைக் கட்டிக்கொண்டு. காரில் என்ன டயர் என்று பார்த்ததும் அவன் தன் மாமாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

இரண்டாவது சுற்று. நீண்ட இடது வளைவில் கார் வேலியை ஒட்டி வந்தது. பின்பக்கம் ஒரு கையளவு வெளியே நழுவியது. அடுத்த கணமே அது நேரானது. யாரோ கன்னத்தைத் தொட்டுத் திருப்பிவிட்டது போல, அவ்வளவு மென்மையாக. நழுவும்போதும் அவன் ஆக்ஸிலரேட்டரை விடவில்லை.

"ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்பது," என்றார் வாத்தியார்.

அவள் போர்டில் எண்களைச் செருகித் தூக்கிக் காட்டினாள். இன்னும் அரை நொடிக்கு மேல் குறைய வேண்டும்.

மூன்றாவது சுற்றில் அவள் காரைப் பார்க்கவில்லை. டயரைத்தான் பார்த்தாள். முன் இடது டயர் வலது டயர் என்று மாறி மாறி, ஒவ்வொரு வளைவிலும் பக்கச் சுவர் மடங்கி, வெளி ஓரம் முழுவதும் தரையில் படிந்து உழைத்தது. மூன்று மாதமாக அவள் பார்க்காத காட்சி. பயந்தவன் இப்படி ஓட்ட மாட்டான். டயர் சொன்னது பொய்யா, அல்லது டயர் சொன்னதைத் தான் புரிந்துகொண்டது பொய்யா?

கார் கோட்டைத் தாண்டியது.

வாத்தியார் ஸ்டாப்வாட்சை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு நிமிடம், ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு.

புயல் கட்டிய கையை அவிழ்த்தான். முதலாளி எழுந்து, தன்னிடம் இருந்த கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"ரெண்டு மணிக்கு உன் தம்பியை ஆபீஸுக்கு வரச் சொல்லும்மா. கையெழுத்துப் போடணும். டயர் உன் யோசனையா?"

"இல்லங்க. அவனோடது."

"அப்படியா. கெட்டிக்காரன்." அவர் குடையை நோக்கி நடந்தார்.

ஷெட்டில் கார் வந்து நின்றதும், அவள் தம்பியைக் கட்டிப்பிடிக்கவில்லை. வெப்பமானியின் ஊசியை டயரில் குத்தினாள். உள் ஓரம் எண்பத்தெட்டு டிகிரி. நடு எண்பத்தாறு. வெளி ஓரம் எண்பத்தொன்பது. டயரின் ஒரு விரல்கடைகூட வீணாகவில்லை. மூன்று இடத்திலும் இவ்வளவு ஒரே சீராக வந்த சூட்டை அவள் நோட்டில் எழுதியதே இல்லை.

ஷெட்டின் பின்பக்கம் நிழலாக இருந்தது. அங்கே படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான் அவன். அவள் எதிரே குந்தினாள்.

"ஜெயிச்சுட்டே."

"தெரியும். மாமா ஆடற ஆட்டத்தைப் பார்த்தேன்."

"நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டா. பயம்னு நினைச்சேன். அதுக்கு மேலயும் நினைச்சேன்."

"பயம்தான்க்கா. அது தப்பில்ல. சாஃப்ட்ல எல்லை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. அதனால ரெண்டு அடி தள்ளியே ஓட்டினேன்."

"எப்படித் தெரியாம போகும்? எல்லாருக்கும் தெரியற மாதிரிதான. விடறதுக்கு அரை நொடி முன்னாடி கீச்சுன்னு கத்துமே."

அவன் தண்ணீர் பாட்டிலை மூடினான். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

"இன்னும் கத்துதா?" என்று கேட்டான்.

அவளுக்குப் புரியவில்லை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி முதலாளிகிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் வேணாம்னு சொன்னா சொல்லட்டும். ஆனா முதல்ல உனக்குத் தெரியணும்." அவன் கண் அவள் முகத்தை விட்டு அசையவில்லை. "ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருந்துச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி மொத்தமா நின்னுடுச்சுக்கா. ரெண்டு காதும். இப்பக்கூட உன் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லிட்டிருக்கேன்."